நியூட்ரல் செக்‌ஷனில் நின்ற வண்டி

தன் கண்ணால் பார்க்காத சிக்னலின் நிறத்தை யாரும் வாயால் சொல்லக் கூடாது. மின்சார இன்ஜின் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு முதல் வாரமே சொல்லப்படும் விதி இது. டிரைவர் ‘பச்சை’ என்றால், பக்கத்து இருக்கையில் இருக்கும் அசிஸ்டன்ட் தானும் எட்டிப் பார்த்து, தன் கண்ணில் பச்சை பட்ட பிறகுதான் கையை நீட்டி ‘பச்சை’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்வது கிளியின் வேலை. கிளிக்குச் சம்பளம் கிடையாது, கூண்டுதான் உண்டு என்று நான் வகுப்பில் சொல்வேன். ஒவ்வொரு வருடமும் வகுப்பு சிரித்தது. சிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

ரயில்வே பயிற்சிப் பள்ளி ஒன்றில் ஓய்வுபெறும்வரை அந்த விதியைக் கற்பித்தேன். ஓய்வுபெற்ற பிறகு, கற்பிக்க ஆளில்லாமல், புணேயின் கோந்த்வா பகுதியில் எங்கள் வீட்டில் அதை அமலுக்குக் கொண்டுவந்தேன். வெளியே கிளம்பும்போது வாசலில் நின்று “கேஸ்?” என்பேன். மனைவி “ஆஃப்” என்பாள். “கீசர்?” “ஆஃப்.” “பால்கனிக் கதவு?” “பூட்டியாச்சு.” பதில் சற்று வேகமாக வந்துவிட்டால் விடமாட்டேன்.

“பாத்தியா, சும்மா சொல்றியா?”

“பாத்தேங்க.”

“எப்பப் பாத்த?”

செருப்பைக் கழற்றிவிட்டு அவள் மறுபடியும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவாள். லிஃப்டுக்குக் காத்திருக்கும் எதிர்வீட்டு மராத்திக்காரர், “காய் சாஹேப், காடி சுட்லி கா?” என்று கேட்பார். வண்டி கிளம்பியாச்சா என்று அர்த்தம். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

பொங்கலுக்கு மதுரையில் மைத்துனி வீட்டுக்குப் போய்விட்டு, சென்னை வழியாகப் புணே திரும்பிக்கொண்டிருந்தோம். ஏசி பெட்டி. தவுண்ட் ஜங்ஷன் தாண்டிவிட்டால் வீட்டுக்கு வந்த மாதிரிதான். மனைவி பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளும் இடம். எதிர் இருக்கையில் கோயம்புத்தூர் இளைஞர் ஒருவர், ஐடி கம்பெனிக்காரர், மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தார். தமிழ் பேசுகிற, தப்பித்துப் போக வழியில்லாத ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது நான் சும்மா இருக்க மாட்டேன்.

“தம்பி, இப்ப ஏசி காத்து நிக்கும் பாருங்க,” என்றேன். சில நொடிகளில் நின்றது. “இப்ப வரும்.” வந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “எப்படி சார்?”

“ஆரம்பிச்சுட்டாரு,” என்றாள் மனைவி. “தம்பி, அந்த ஹெட்ஃபோனக் காதுல மாட்டிக்கோங்க. பொழச்சுப் போங்க.”

அவர் மாட்டிக்கொள்ளவில்லை. நான் விளக்கினேன். தலைக்கு மேலே ஓடும் கம்பியில் இருப்பது இருபத்தைந்தாயிரம் வோல்ட். இன்ஜினின் கூரையில் மடித்து நீட்டும் ஒரு கை அந்தக் கம்பியை உரசிக்கொண்டே வரும்; அதற்கு பேன்டோ என்று பெயர். மின்சாரம் அதன் வழியே இறங்கி, ஒரு பெரிய ஸ்விட்சைத் தாண்டி, இன்ஜினின் வயிற்றில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும். அங்கே வோல்ட் குறையும். அடுத்து இருக்கும் கன்வர்ட்டர், மோட்டார் எந்த வேகத்தில் சுழல வேண்டுமோ அதற்கு ஏற்றபடி அந்த மின்சாரத்தை வெட்டித் தைத்துக் கொடுக்கும். மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும். வேலை முடிந்த மின்சாரம் சக்கரத்தின் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போகும். பிரேக் பிடிக்கும்போது இதெல்லாம் தலைகீழாகும். ஓடுகிற சக்கரம் மோட்டாரைச் சுழற்ற, மோட்டாரே மின்சாரம் தயாரித்துக் கம்பிக்குத் திருப்பிக் கொடுக்கும். பெட்டிகளின் விளக்குக்கும் ஏசிக்கும்கூட இப்போது இன்ஜினிலிருந்துதான் மின்சாரம்.

“சரி சார், காத்து ஏன் நின்னுச்சு?”

அதுதான் நான் எதிர்பார்த்த கேள்வி. கம்பிக்கு மின்சாரம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. வழிநெடுக துணைமின் நிலையங்கள் இருக்கின்றன. அடுத்தடுத்த இரண்டு நிலையங்கள் தரும் மின்சாரத்துக்குத் தாளம் ஒத்துப்போகாது. ஒரே கம்பியில் சேர்த்தால் வெடிக்கும். ஆகவே இரண்டுக்கும் நடுவில் மின்சாரமே இல்லாத ஒரு சிறு துண்டு விட்டிருப்பார்கள். அதுதான் நியூட்ரல் செக்‌ஷன். அதற்கு முன்பே எச்சரிக்கைப் பலகைகள் இருக்கும். பலகையைப் பார்த்ததும் டிரைவர் ஸ்விட்சைத் திறந்துவிட வேண்டும். வண்டி வந்த வேகத்திலேயே அந்தத் துண்டை வழுக்கிக் கடக்கும். கடந்ததும் ஸ்விட்சை மூட வேண்டும். அந்தச் சில நொடிகளில்தான் ஏசி நிற்கிறது. ஒன்று மட்டும் நடக்கவே கூடாது: அந்தத் துண்டுக்குள் வண்டி நின்றுவிடக் கூடாது. நின்றால் மேலே மின்சாரம் இல்லை. உலகத்தின் மிகப் பெரிய இன்ஜினும் அங்கே வெறும் இரும்புதான்.

“சூப்பர் சார்,” என்றார் இளைஞர். அந்தச் சொல்லின் வெயிலில் நான் குளிர்காய்ந்துகொண்டிருந்தபோதே, இரண்டு ஸ்டேஷன் தள்ளி, வண்டி உதறிப் பிரேக் பிடித்தது. மேலே இருந்து யாரோ ஒருவருடைய தண்ணீர் பாட்டில் விழுந்து உருண்டது. வண்டி நின்றது. ஏசியும் நின்றது. திரும்ப வரவில்லை.

ஜன்னலை ஒட்டிப் பார்த்தேன். எங்கள் பெட்டிக்கு நேர் எதிரே எச்சரிக்கைப் பலகை நின்றுகொண்டிருந்தது. பலகைக்கும் அந்தத் துண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். எங்கள் பெட்டிக்கும் இன்ஜினுக்கும் இடையே எத்தனை பெட்டி என்றும் தெரியும். கூட்டிப் பார்த்தேன். இன்ஜின் சரியாக நியூட்ரல் செக்‌ஷனுக்குள் நிற்கிறது. அது நீள வகைத் துண்டு. இன்ஜினின் முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு பேன்டோவில் எதைத் தூக்கினாலும் பயனில்லை.

அப்போது எனக்கு ஏற்பட்டது கவலை இல்லை. மகிழ்ச்சி. பாடம் நடத்தி முடித்ததும் செய்முறை விளக்கத்துக்கு ரயில்வேயே ஏற்பாடு செய்தது போல இருந்தது.

பெட்டி சூடானது. ஆட்கள் எங்கள் பக்கம் வந்து நின்றார்கள். எனக்கு விஷயம் தெரியும் என்று செய்தி பரவிவிட்டது. இந்தியில் ஒரு முறையும் ஆங்கிலத்தில் ஒரு முறையும் விளக்கினேன். “டிரைவர் மிஸ்டேக்கா சார்?” என்று கேட்டார் இளைஞர்.

“பின்ன என்ன? தவுண்டு டிரைவருங்கள்ல பாதி பேருக்குப் பாடம் நடத்தினவன் நான். வேகத்தக் கணக்குப் பண்ணத் தெரியாம பிரேக்கப் போட்டிருக்கான்.”

“கம்ப்ளெயின்ட் பண்ணுங்க சார். உங்கள மாதிரி ஆளு பண்ணாத்தான் எடுபடும்.”

செல்போனை எடுத்தேன். புகார் எழுதுவது ஒரு கலை. எனக்கு அது வரும். முதல் பத்தியில் வண்டி, தேதி, இடம், கிலோமீட்டர் கல். இரண்டாவதில் மீறப்பட்ட விதி. மூன்றாவதில் அதனால் பயணிகளுக்கும் பின்னால் வரும் வண்டிகளுக்கும் ஏற்பட்ட பாதிப்பு. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் விசாரணை என்று வந்தால் டிரைவர் முதலில் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். ‘தண்டவாளத்தில் ஆள் குறுக்கே வந்தது’ என்பான். எல்லோரும் சொல்வதுதான். அந்தக் கதவை முன்கூட்டியே சாத்திவிட வேண்டும் என்று தோன்றியது. நான்காம் பத்தியில் ஒரே வரி எழுதினேன்: அந்த நேரத்தில் பாதையில் ஆளோ மாடோ வேறு தடையோ எதுவும் இருக்கவில்லை.

நான் உட்கார்ந்திருந்தது இன்ஜினிலிருந்து பல பெட்டிகள் பின்னால், இடப்பக்கம், திறக்க முடியாத கண்ணாடி ஜன்னலுக்கு அருகில். என் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு பலகையும் ஒரு வேப்பமரமும்.

அனுப்பிவிட்டேன். ஒப்புகை எண் உடனே வந்தது. சுற்றி நின்றவர்களிடம் காட்டினேன்.

நெடுநேரம் கழித்து வேறொரு இன்ஜின் பின்னாலிருந்து வந்து எங்கள் வண்டியைத் தள்ளியது. அதற்குள் புழுக்கம் தாங்காமல் மனைவி வலப்பக்கக் கதவோரம் போய் நின்றிருந்தாள். வண்டி நகர்ந்து சற்றுத் தூரம் போன பிறகு வந்து உட்கார்ந்தாள்.

“அங்க தண்டவாளத்துல கரும்புத் தோகையா சிதறிக் கெடக்குதுங்க. ஒரு கட்டு அவுந்து விழுந்தாப்ல.”

“கரும்பு சீசன்,” என்றேன்.

மாட்டுக்குத் தீனியாகத் தோகையைக் கட்டிச் சுமந்து போகும் பெண்களை அந்தப் பாதையில் பல வருடங்களாகப் பார்த்திருக்கிறேன். இருந்தும் அதைத்தான் சொன்னேன்.

ரயில்வேயில் எந்தப் புகாரும் அவ்வளவு வேகமாகப் பயணம் செய்து நான் கண்டதில்லை. சரியாக எழுதப்பட்டிருந்ததுதான் காரணம் என்று அப்போது பெருமைப்பட்டேன். மாசி பிறந்ததும் விசாரணைக்கு வந்து வாக்குமூலம் தருமாறு எனக்கு அழைப்பு வந்தது. இஸ்திரி போட்ட சட்டையுடன் போனேன்.

நடைவழியில் ஒரு பெஞ்சு. அதில் முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். சுடிதார், கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி, மடியில் ஒரு ஃபைல். எழுத்தராக இருப்பார் என்று நினைத்தேன். மனைவி போனில் கூப்பிட்டு மாத்திரை போட்டாச்சா என்று கேட்டாள். போட்டாச்சு என்றேன். பார்த்தீங்களா, சும்மா சொல்றீங்களா என்றாள். சிரித்துக்கொண்டே வைத்தேன்.

“அங்கிள், தமிழா?” என்றார் அந்தப் பெண். முகம் மலர்ந்திருந்தது. “நாங்களும் தமிழ்தான். இங்க கன்டோன்மென்ட்ல, கேம்ப்லயே பொறந்து வளந்தது. பேசுவேன், படிக்கத்தான் வராது. சர்ச்சுல பாட்டுப் புஸ்தகத்த சும்மா பிடிச்சுட்டு நிப்பேன்.”

டீக்காரர் வந்தார். அந்தப் பெண் இரண்டு டீ வாங்கி ஒன்றை என்னிடம் நீட்டினார். “லோ அங்கிள், ச்சாய். இங்க உள்ள கூப்பிட லேட் ஆகும். நீங்க எதுக்கு வந்திருக்கீங்க?”

“பென்ஷன் விஷயமா,” என்றேன். அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. காரணம் கூற முடியாத ஒரு ஜாக்கிரதை.

“நீ என்னம்மா?”

“நான் டிரைவர் அங்கிள். எலெக்ட்ரிக் லோகோ. எங்க வீட்டுல எல்லாரும் டீச்சரு, இல்லேன்னா மிலிட்டரி ஆபீஸு. நான் ஒருத்திதான் வண்டி ஓட்டறேன். அம்மா இன்னும் சொந்தக்காரங்ககிட்ட ‘ரெயில்வேல இருக்கா’ன்னு மட்டும்தான் சொல்லும். டிக்கெட் குடுக்கறேன்னு நெனச்சுக்குவாங்க.” சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “இப்ப இன்க்வயரி. வண்டி நியூட்ரல்ல நின்னுருச்சு.”

நான் கேட்காமலே அவர் சொன்னார்.

“ஒரு அம்மா அங்கிள். தலையில தோகக் கட்டு, பெருசா, காது கண்ணு எல்லாம் மூடிட்டு. கட்டுதான் நடந்து வருது, ஆளே தெரியல. ஹார்ன் அடிக்கேன், அடிக்கேன், திரும்பவே இல்ல. டீஜே அப்பத்தான் தொறந்திருக்கேன், செக்‌ஷன் முன்னாடியே இருக்கு. நின்னா மாட்டிக்குவேன்னு தெரியும். ஆனா நிக்காம எப்படி? எமர்ஜென்சி போட்டேன். பிரேக் சத்தம் கேட்டு அவ கட்டப் போட்டுட்டு ஓடிட்டா. இவ்ளோதான் கேப்.” விரலுக்கும் விரலுக்கும் நடுவே காட்டினார். ஸ்விட்சுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் டீஜே. நானும் முப்பது வருடம் அப்படித்தான் சொன்னேன்.

“அப்ப உன்மேல தப்பில்லையே,” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

“அதான் அங்கிள். ஆனா அந்த அம்மாவ யாரு தேடுவா? பாத்தது நானும் என் அசிஸ்டன்ட்டும். அவன் என் ஆளு, அவன் சொன்னா எடுக்க மாட்டாங்க. அந்த லோகோல முன்னாடி கேமராவும் இல்ல. கார்டு பின்னாடி. எல்லாம் சரியாப் போயிருக்கும், நடுவுல ஒருத்தன் எழுதிட்டான். பாசெஞ்சர். எவனோ ரிடயர்டு ஆளாம். லைன்ல யாருமே இல்லன்னு எழுதியிருக்கான். ஸாலா, அவன் எந்த சீட்டுல உக்காந்து எதப் பாத்தான்?” உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். “ஸாரி அங்கிள்.”

என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. நான் சொன்னது வேறு.

“சில பேரு அப்படித்தாம்மா.”

“இல்லயா?” என்றார் அவர், ஆள் கிடைத்த நிம்மதியுடன். “பாசெஞ்சர் வண்டியிலருந்து எடுத்துட்டா மறுபடி யார்ட்ல காலிப் பெட்டி தள்ற ஷன்டிங்தான். ஏறி வர எட்டு வருஷம் ஆச்சு எனக்கு.”

கதவு திறந்தது. பியூன் எட்டிப் பார்த்து, “கம்ப்ளெயின்ட் வாலே ரிடயர்டு சாப் கோன் ஹை?” என்றார், புகார் கொடுத்தவர் யார் என்று.

நடைவழியில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. நான் எழுந்தேன். கையில் அவர் வாங்கிக் கொடுத்த டீ பாதி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கணம் பெஞ்சைச் சுற்றிப் பார்த்தேன். அவரே கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

“பென்ஷன் விஷயமா, அங்கிள்?” என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். அதுதான் இன்றுவரை காதில் இருக்கிறது.

விசாரணை அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார். என் வகுப்பில் உட்கார்ந்தவர், கிளிக்குச் சிரித்தவர். “சார், உங்க ரிப்போர்ட் இப்பவும் பாடப் புத்தகம் மாதிரி இருக்கு,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். மேசையின் மறுமுனையில் அந்தப் பெண் வந்து உட்கார்ந்தார். பத்தி பத்தியாக வாசித்து, உறுதிப்படுத்துகிறீர்களா என்று அதிகாரி கேட்டார். மூன்று பத்திகளுக்கு ஆம் என்றேன். நான்காவது வந்தது.

தப்பித்துக்கொள்ள அது நல்ல இடம். புகார் கொடுத்தவர் தன் வாக்கியத்தை அங்கேயே திருத்திக்கொள்ளலாம். அதற்கு வழிமுறை இருக்கிறது, எனக்குத் தெரியும். ஆனால் பழைய மாணவன் பேனாவைத் திறந்துகொண்டு மரியாதையோடு காத்திருந்தான். பாடப் புத்தகம் என்று சொன்ன வாயால் அவன் என்னை வேறு மாதிரி சொல்லிவிடக் கூடாது என்பதே அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாக இருந்தது.

“எழுதியது எழுதியபடி,” என்றேன்.

அந்தப் பெண்ணுக்கு என்னைக் குறுக்கு விசாரணை செய்ய உரிமை இருந்தது. இந்தியில் ஒன்றே ஒன்று கேட்டார்: “சார், உங்கள் சீட்டிலிருந்து இன்ஜினுக்கு முன்னால் இருக்கும் தண்டவாளம் தெரியுமா?”

தெரியாது என்பது ஒற்றைச் சொல். நான் அனுபவத்தைப் பற்றியும், பிரேக் பிடிக்கும் விதத்திலிருந்து காரணத்தை ஊகிப்பதைப் பற்றியும், வேகத்தையும் தூரத்தையும் பற்றியும் பேசினேன். முடித்தபோது அதிகாரி தலையசைத்து, “சாரின் அனுபவம் எல்லோருக்கும் தெரிந்ததே,” என்று குறித்துக்கொண்டார். அந்தப் பெண் ஃபைலை மூடினார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். எனக்குச் சாதகமாகத்தான் சொல்லத் தொடங்கினேன். தோகைக் கட்டு என்ற இடத்தில் அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“என்ன கட்டு?”

“தோகைக் கட்டு. அவ சொல்றா.”

“நான் சொன்னேன்ல? தண்டவாளத்துல சிதறிக் கெடக்குன்னு?”

“கரும்பு லாரியிலருந்துகூட...”

“தண்டவாளத்துல எங்கிட்டுங்க லாரி?”

அவள் எதிரே வந்து நின்றாள். நான் வாசலில் நின்று கேட்கும் அதே தோரணை, அதே குரல்.

“பாத்தீங்களா, சும்மா சொன்னீங்களா?”

“முப்பது வருஷம்...”

“பாத்தீங்களா?”

“பாக்கல.”

“நீங்க கேக்குறீங்கன்னு நான் கீசர் சுச்ச மூணு தடவ போய்ப் பாத்துட்டு வாரேன்,” என்றாள். அடுக்களைக்குள் போய்விட்டாள். அன்று சாப்பாடு போட்டாள், பக்கத்தில் உட்காரவில்லை.

மறுநாள் காலை துணை வாக்குமூலம் ஒன்றை எழுத உட்கார்ந்தேன். நான்காம் பத்தி எந்தச் சூழலில் எழுதப்பட்டது, ஊகத்துக்கும் சாட்சியத்துக்கும் உள்ள வேறுபாடு என்ன என்றெல்லாம் எழுதி முடித்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

“நாலு பக்கமா? ‘நான் பாக்கல’ன்னு எழுத எத்தன பக்கம்ங்க வேணும்?”

கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். அது ஒரு பக்கத்தின் பாதிக்கு வந்தது. என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சிறிய அலுவல் கடிதம். எழுத அதிக நேரம் பிடித்ததும் அதுதான். அவள் தனியாக ஒரு தாள் கேட்டு வாங்கி, வலப்பக்கக் கதவிலிருந்து தான் பார்த்ததைத் தமிழில், தன் கையெழுத்தில் எழுதினாள். நான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இணைத்தேன். ‘கரும்புத் தோகை’க்கு நல்ல ஆங்கிலச் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. கரும்பின் மேற்பகுதி இலைகள், மாட்டுத் தீவனம் என்று எழுதினேன்.

“மன்னிப்புன்னு ஒரு வார்த்த போட்டீங்களா?”

“அலுவல் கடிதத்துல அதுக்கு இடமில்ல.”

“ஓஹோ.”

பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. அதன் பிறகு எதுவும் வரவில்லை.

புகார் பறந்து போனது. திரும்பப் பெறும் கடிதம் நடந்துகூடப் போகவில்லை. நினைவூட்டல் ஒன்று அனுப்பினேன். பிறகு இன்னொன்று. பழைய சகாக்களைக் கேட்டேன். விசாரணை முடியும்வரை அவரைப் பாசெஞ்சர் வண்டிகளிலிருந்து எடுத்து யார்டுக்குப் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். “யாரோ நல்லா எழுதியிருக்கான் சார் அந்தப் பொண்ணப் பத்தி,” என்றார் அதில் ஒருவர். அது நான்தான் என்று அவருக்குத் தெரியாது. இந்த முறையும் நான் சொல்லவில்லை.

சித்திரை வெயிலில் ஒரு பகல், கோந்த்வாவிலிருந்து பஸ் பிடித்து ஸ்டேஷனுக்குப் போனேன். மனைவியிடம் மாத்திரை வாங்கப் போவதாகச் சொன்னேன். நடைமேம்பாலத்தில் நின்றால் யார்டின் ஒரு பகுதி தெரியும். ஆளில்லாத பெட்டிகளை ஒரு இன்ஜின் இழுத்துக்கொண்டு போவதும், நிற்பதும், பின்னால் தள்ளிக்கொண்டு வருவதுமாக இருந்தது. நடந்து போகிறவன் வேகம்கூட இல்லை. ஜன்னலில் வெளியே நீட்டிய தலையில் தொப்பி. அது அவர்தான். தண்டவாளத்தோரம் நிற்கும் ஆள் கொடி காட்டியதும், தானும் எட்டிப் பார்த்து, கையை நீட்டி, வாய் திறந்து உரக்கச் சொன்னார். கேட்க ஆளில்லாத யார்டில், சரியான முறையில். அந்த முறையை அவருக்குக் கற்பித்தது யாராக இருந்தாலும், அவர்கள் ஒழுங்காகக் கற்பித்திருக்கிறார்கள்.

அவர் தலையைப் பாலத்தின் பக்கம் திருப்பினார். நான் சட்டென்று ஒரு விளம்பரப் பலகைக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் கண்ணுக்கு நான் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அவ்வளவு தூரம். தூரம் கணக்குப் பார்ப்பது எனக்குக் கைவந்தது. அப்படியும் பலகையின் பின்னால்தான் நின்றேன், அந்த இன்ஜின் போய்விடும்வரை. இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யார்டுக்குள் வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்ற விதி அந்த நேரத்தில் எனக்கு மிகவும் உதவியாக இருந்தது.

மாத்திரை இல்லாமல் வீட்டுக்கு வந்தேன். மனைவி கேட்கவில்லை.

அந்த மாதங்களில் எங்கள் வாசல் சடங்கு மெல்ல நின்றுபோனது. “கேஸ்?” என்று ஒருநாள் ஆரம்பித்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நானே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதன் பிறகு நான்தான் போகிறேன். எதிர்வீட்டுக்காரர், “வண்டிக்கு டிரைவர் மாறிட்டாரா?” என்று மனைவியிடம் இந்தியில் கேட்டாராம். ஆமாம், இவர் இப்போது ஷன்டிங்கில் இருக்கிறார் என்று அவள் சொன்னாளாம். அவருக்கு அது புரிந்திருக்காது.

மழை தொடங்கிய பிறகு ஒருநாள் தபால்காரர் மேலே வந்து மணி அடித்தார். பால்கி என்னும் பல்லக்கு யாத்திரைக்காக ஊருக்குள் பாதி சாலைகள் மூடியிருந்தன, நனைந்திருந்தார். உறையில் என் பெயர் இல்லை. மனைவியின் பெயர் இருந்தது. அவளைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

அவள் மூக்குக்கண்ணாடி போடாமல் என்னிடம் நீட்டினாள். “படிங்க. பாத்துப் படிங்க.”

கதவோரமே நின்று ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். தாங்கள் நேரில் கண்டு எழுதிய விவரம் பதிவில் எடுத்துக்கொள்ளப்பட்டது. அது அவ்வூழியரின் வாக்குமூலத்துடன் ஒத்திருப்பதால் அவர்மீதான விசாரணை முடித்துவைக்கப்பட்டு, அவர் பாசெஞ்சர் வண்டிகளுக்குத் திரும்ப அனுப்பப்பட்டுள்ளார். தங்களுக்கு நன்றி. கடைசியில் ஒரு வரி: புகார்தாரரின் கடிதமும் கோப்பில் சேர்க்கப்பட்டுள்ளது.

“அவ்ளோதானா? உங்களுக்கு ஒண்ணும் எழுதலயா?”

“அதுதான் எனக்கு.”

“வண்டி திரும்பக் குடுத்துட்டாங்களா அந்தப் பொண்ணுக்கு?”

“குடுத்துட்டாங்க.”

“பாத்தீங்களா?”

தாளை மறுபடி பிரித்து, அந்த வரியின் கீழ் விரலை வைத்து, எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். பிறகுதான் சொன்னேன். “பாத்தேன். குடுத்துட்டாங்க.”

அவளும் குனிந்து என் விரல் இருந்த இடத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத் தெரியும். “குடுத்துட்டாங்க,” என்று உரக்கச் சொன்னாள்.

அந்தப் பெண்ணிடம் நான் சொல்ல வேண்டியது இன்னும் என்னிடமே இருக்கிறது. அதை எந்த முறையில், யார் வழியாக அனுப்புவது என்று எனக்குத் தெரியாது என்றால் அது பொய். கேம்பில் தமிழ் சர்ச்சுகள் எத்தனை இருந்துவிடும்? போகவில்லை, அவ்வளவுதான். மனைவி உறையை வாங்கி அதன்மேல் பேனாவால், தமிழில், கடிதம் கைக்கு வந்த தேதியை எழுதினாள்: ஆனி மாதம், பால்கிகள் புணேவுக்குள் வந்த நாள், வியாழக்கிழமை.